சிவப்புக் கோடு எங்கே போயிற்று?



பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் மாலை, பங்கு இல்லத்தின் திண்ணையில் ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பம். வீட்டிலேயே இரண்டு விசைத்தறிகள். மகள் கல்லூரியில் வணிகவியல் இறுதியாண்டு மாணவி. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் 42 தாள்கள். கண்களில் நீர் முட்டி நின்றது.

அவள் தன் வீட்டுத் தறிகளின் 12 மாத வரவு செலவையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, பவர்பாயிண்டில் 14 சிலைடுகள் தயாரித்திருந்தாள். மறுநாள் காலையில் அவற்றைத் திரையில் காட்டி விளக்க வேண்டும். அச்சிட்ட படிகள் மூன்றையும் ஆசிரியர்களிடம் கொடுக்க வேண்டும். பக்கத்துக்கு 10 ரூபாய் வீதம் 420 ரூபாய் கொடுத்து, திருத்தணிக் கடைவீதியில் வண்ண அச்சு எடுத்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முகப்புப் பக்கத்தின் கருநீலம் வெளிறிய வான்நீலமாக இருந்தது. வரவைப் பச்சைக் கோட்டாலும் செலவைச் சிவப்புக் கோட்டாலும் காட்டிய படத்தில், பச்சைக் கோடு இருந்தது. சிவப்புக் கோடு இருந்த இடத்தில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் மஞ்சள் கீற்று ஒன்று கிடந்தது.

எந்த மாதங்களில் செலவு வரவை மிஞ்சியது என்பதே அந்த ஆய்வின் சாரம். அந்தச் சாரம்தான் தாளில் இல்லை.

“செலவு மட்டும் காணாமப் போயிடுச்சு சாமி. வீட்டுல அப்படிப் போனா நல்லா இருக்கும்” என்றார் தாய். துயரத்திலும் நகைச்சுவை விடாத மக்கள்! ஆனால் அந்த 420 ரூபாய் அவர்களுக்குச் சிறு தொகை அன்று என்பதை நான் அறிவேன்.

இருவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். போனவன் செய்த முதற்செயல் நல்ல செயல் அன்று. கடையில் இருந்த இளைஞனிடம், “தம்பி, மையில் தண்ணீர் கலக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. பதில் ஏதும் சொல்லாமல் ஒரு பொத்தானை அழுத்தினான். இயந்திரம் ஒரு தாளைத் தள்ளிற்று. அதை என் கையில் கொடுத்து, “பாருங்க ஃபாதர்” என்றான்.

அந்த ஒரு தாளில் நான் கற்றுக்கொண்டதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சிலைடு தயாரிக்கிறார்கள். நலக்குழு மகளிர் வங்கிக்கும், இளைஞர் மன்றத்தார் பங்குப் பேரவைக்கும் சிலைடு காட்டுகிறார்கள். திரையில் அழகாகத் தெரிந்தது தாளில் ஏன் வேறாகிறது என்று எல்லாரும் ஒருநாள் திகைக்கிறோம். காரணம் தெரிந்தால் பணமும் மிஞ்சும். நான் பேசியது போன்ற சொல்லும் வாயில் வராது.

நான்கு மைகள்

இளைஞன் கொடுத்த தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன; ஒவ்வொன்றிலும் ஒரே நிறத்தில் சின்னஞ்சிறு கோடுகள். கருப்புக் கட்டம் நிறைவாக இருந்தது. மஞ்சளும் நிறைவாக இருந்தது. சையான் என்னும் வெளிர்நீலமும் நிறைவாக இருந்தது. நான்காவது கட்டத்தில் மட்டும் ஒன்றிரண்டு கீறல்கள் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே இருந்திருக்க வேண்டியது மெஜந்தா. புடவைக் கடையில் ‘ராணி கலர்’ என்று நம் தாய்மார் கேட்டு வாங்குகிறார்களே, ஏறத்தாழ அந்த நிறம்.

வண்ண அச்சு இயந்திரத்தில் சிவப்பு மை என்று தனியே ஒன்று பெரும்பாலும் கிடையாது; பச்சை மையும் கிடையாது. சையான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்னும் நான்கிலிருந்தே எல்லா நிறங்களும் பிறக்கின்றன. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு. சையானும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. சையானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம். ஆகவே மெஜந்தா வராதபோது சிவப்பு தன் துணையை இழந்து மஞ்சளாக நிற்கிறது. நீலம் வான்நீலமாக வெளிறிவிடுகிறது. பச்சைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மாணவியின் தாளில் நிகழ்ந்தது இம்மி பிசகாமல் இதுதான்.

மை தொட்டியில் நிறைய இருந்தது. எனினும் மை இருப்பது வேறு, மை வருவது வேறு. இங்க்ஜெட் இயந்திரத்தில் தலைமுடியைவிட நுண்ணிய துளைகள் வழியாகவே மை தெறிக்கிறது. விடுமுறையில் ஒரு வாரம் கடை பூட்டிக் கிடந்தது. அதற்கு முந்திய நாள்களில் வந்த வேலை எல்லாம் கருப்பு எழுத்து அச்சு. மெஜந்தா துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொண்டது. இதில் எவருடைய நேர்மைக் குறைவும் இல்லை. அச்சிட்டவுடன் ஒரு தாளைப் பார்த்திருக்கலாம் என்பது உண்மை. அது கடைக்காரருக்கும் பொருந்தும், வாங்கிச் சென்ற மாணவிக்கும் பொருந்தும்.

இளைஞன் துளைகளைச் சுத்தம் செய்யும் கட்டளையை இருமுறை கொடுத்தான். மறுபடியும் சோதனைத் தாள் எடுத்தபோது ராணிக் கட்டம் நிறைந்துவிட்டது. இந்தச் சுத்தம் செய்தல் மையைக் குடிக்கும் வேலை. இரண்டு மூன்று முறைக்கு மேல் அடுத்தடுத்துச் செய்யலாகாது; சில மணி நேரம் விட்டுப் பிறகு முயல வேண்டும். வீட்டில் இயந்திரம் வைத்திருப்போர் வாரம் ஒரு சிறு வண்ணப்படத்தை அச்சிட்டு வந்தால் இத்தொல்லை பெரும்பாலும் வராது. ஓட்டாத தறியில் தூசு படிவதை நெசவாளரிடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதே கணக்கைக் கொண்டு மற்றக் குறைகளையும் நாமே கண்டுகொள்ளலாம். சிவப்பு ராணி நிறமாகவும், பச்சை வான்நீலமாகவும் வந்தால் மஞ்சள் வரவில்லை. நீலம் ராணி நிறமாகவும், பச்சை மஞ்சளாகவும் வந்தால் சையான் வரவில்லை. நிறம் சரியாக இருந்து குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்தால் சில துளைகள் மட்டும் அடைபட்டுள்ளன. எழுத்தின் ஓரத்தில் நிழல்போல் வேறொரு நிறம் தள்ளி நின்றால், மை குறையவில்லை. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. அதற்கு இயந்திரத்திலேயே சீரமைக்கும் கட்டளை உண்டு.

ஒளியின் நிறமும் மையின் நிறமும்

துளை திறந்தது, சிவப்புக் கோடு திரும்பி வந்தது. ஆனால் முகப்புப் பக்கத்தின் நீலம் இப்போது கத்தரிப்பூ நிறமாக வந்தது! “கம்ப்யூட்டர்ல பளிச்சுனு நீலமாத்தானே இருக்கு” என்றாள் மாணவி. இம்முறை நான் வாய் திறக்கவில்லை. இயந்திரத்தின் சோதனைத் தாள் நிறைவாக இருந்தபடியால், குற்றம் இயந்திரத்தில் இல்லை என்பது தெளிவாயிற்று.

காரணம் இன்னும் ஆழமானது. திரை ஒளி விடுகிறது. தாள் ஒளி விடுவதில்லை. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் உண்டு. மூன்றும் முழுமையாகச் சேர்ந்தால் வெண்மை; மூன்றும் அணைந்தால் கருமை. ஒவ்வோர் ஒளிக்கும் 256 படிகள். ஆக 1,67,77,216 நிறச் சேர்க்கைகள். தாளில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெள்ளைத் தாளின்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை மை விழுங்கிக்கொள்கிறது. மீதியே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. சையான் சிவப்பொளியை விழுங்கும். மெஜந்தா பச்சையை விழுங்கும். மஞ்சள் நீலத்தை விழுங்கும். திரையில் சேரச் சேர ஒளி கூடுகிறது. தாளில் சேரச் சேர ஒளி குறைகிறது. மூன்று மைகளும் சேர்ந்தால் நல்ல கருமைகூட வாராது; சேறு போன்ற பழுப்பே வரும். அதனால்தான் கருப்புக்குத் தனி மை.

மூன்று ஒளிகளைக் கொண்டு நிறம் பிறப்பிக்கலாம் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1861ஆம் ஆண்டு லண்டனில் கோடுபோட்ட ரிப்பன் ஒன்றின் படத்தைத் திரையில் காட்டி விளக்கினார். மூன்று மைகளைக் கொண்டு வண்ண அச்சிடும் முறையை, அவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிராங்க்ஃபர்ட்டில் பிறந்த யாக்கோபு கிறிஸ்தோஃப் லெ ப்லோன் என்பவர் செய்து பார்த்துவிட்டார். ஒன்று ஒளியின் வழி, மற்றொன்று மையின் வழி. இன்று நம் மேசைமேல் திரையும் அச்சு இயந்திரமும் அருகருகே இருப்பதால், இரண்டும் ஒரே வழி என்று மயங்குகிறோம்.

என் சிறுவயதில், 1980ஆம் ஆண்டுகளில், கோவில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படவில்லைகளைக் காட்டுவார்கள். விளக்கு உள்ளே எரிய, வில்லை மாறும்போது ‘டக்’கென்று ஒலி எழும். கோடாக் நிறுவனம் அத்தகைய சிலைடு புரொஜெக்டர்கள் செய்வதை 2004ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. இன்று ‘சிலைடு’ என்றாலே கணினியில் செய்வதுதான். பவர்பாயிண்ட் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தபோது கருப்பு வெள்ளையில் மட்டுமே இருந்தது; 1988இல்தான் அதற்கு வண்ணம் வந்தது. அன்றைய வில்லையும் இன்றைய சிலைடும் ஒன்றில் மாறவில்லை: இரண்டும் இருட்டறையில் ஒளியாகப் பார்ப்பதற்கென்று பிறந்தவை. தாளுக்கு அவை விருந்தாளிகள்.

ஆகவே ஒளியால் கூடும் சில நிறங்கள் மையால் கூடா. சுடர்விடும் நீலம், கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, எரியும் ஆரஞ்சு ஆகியவை தாளில் மங்கியே தீரும். திரையின் தூய நீலத்தை இயந்திரம் மையாக மொழிபெயர்க்கும்போது சையானோடு மெஜந்தாவையும் நிறையச் சேர்க்கிறது. அதனால் ஊதா தட்டுகிறது. இதற்கு மருந்து எளிது. நிறம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நீலத்தோடு சிறிது பச்சை ஒளியைச் சேர்க்க வேண்டும். சிவப்பு 0, பச்சை 80, நீலம் 160 என்று எண்களை மாற்றினோம். திரையில் சற்று அடக்கமாகத் தெரிந்தது. தாளில் நீலம் நீலமாகவே வந்தது.

நெசவாளர் அறிந்த நுட்பம்

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த தாய், “ஊடும் பாவும் மாதிரிதானே சாமி?” என்றார். நான் வியந்துபோனேன். சிவப்புப் பாவில் மஞ்சள் ஊடு ஓட்டினால், கையில் வைத்துப் பார்க்கையில் இரண்டு நூலும் தனித்தனியே தெரியும். பத்தடி தள்ளிப் பார்த்தால் ஆரஞ்சு. நூல் எதுவும் சாயம் மாறவில்லை. நம் கண்தான் கலந்துகொள்கிறது.

வண்ண அச்சும் அதுவே. உங்கள் வீட்டுக் காலண்டர் படத்தை ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் நெசவுபோல் நெருங்கிக் கிடப்பது தெரியும். தமிழ் நாளிதழின் வண்ணப் பக்கத்து ஓரத்தைப் பாருங்கள். நான்கு சிறிய நிறக் குறிகள் இருக்கும். நான்கு அச்சும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியதா என்று அச்சகத்தார் பார்ப்பதற்கான குறிகள் அவை.

திருத்தணி மலைப்படிகளில் ஏறுவோரும் இறங்குவோரும் வாங்கிச் செல்லும் முருகன் படங்கள் இந்த வகை அச்சில் பிறந்தவையே. நம் நாட்டு வீடுகளுக்கு வண்ணத் தெய்வப்படங்களைப் பரவலாகக் கொண்டுசென்றவர் ஓவியர் இராஜா ரவிவர்மா. 1894இல் பம்பாயில் ஜெர்மானிய வல்லுநர்களின் உதவியோடு கல்லச்சகம் தொடங்கினார். அக்காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். பின்னாளில் நம் சிவகாசியில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்த தேவையிலிருந்து பெரும் அச்சுத் தொழில் வளர்ந்தது. இன்றும் காலண்டருக்கும் நாட்குறிப்புக்கும் பேர் பெற்றது அவ்வூரே. அங்கே அனுபவமுள்ள அச்சகத்தார் முழு அச்சு ஓட்டுமுன் ஒரு மாதிரித் தாள் எடுத்துப் பார்க்காமல் இருப்பதில்லை. ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறவர்களே ஒன்றைப் பார்த்துவிட்டு ஓட்டும்போது, நாம் 42 தாள்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுகிறோம்.

திருப்பலிப் புத்தகத்தின் செவ்வெழுத்து

இரவு எட்டு மணி ஆயிற்று. இன்னும் ஒரு சிக்கல் மிஞ்சியது. மூன்று படிகளையும் வண்ணத்தில் எடுக்க மீண்டும் 420 ரூபாய் வேண்டும். தாய் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். “ஒரு படி கலர்லயும் மத்த ரெண்டும் கருப்பு வெள்ளையிலயும் எடுத்துக்கலாமா?” என்றாள் மகள். ஒரு பக்கத்தைக் கருப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தோம். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. எது வரவு, எது செலவு என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

எனக்கு உடனே ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நம் திருப்பலிப் புத்தகத்தில் வாயால் சொல்ல வேண்டியவை கருப்பிலும், செய்ய வேண்டிய குறிப்புகள் சிவப்பிலும் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இலத்தீனில் செம்மண்ணைக் குறிக்கும் ‘ரூப்ரிக்கா’ என்ற சொல்லிலிருந்தே இக்குறிப்புகளுக்குப் பெயர் வந்தது. அச்சுக்கலை பிறந்த மைன்ஸ் நகரில் 1457ஆம் ஆண்டு ஃபுஸ்ட், ஷேஃபர் என்பவர்கள் வெளியிட்ட திருப்பாடல் நூலிலேயே கருப்போடு சிவப்பும் நீலமும் சேர்ந்து அச்சாயின. வழிபாட்டு நூலில் நிறம் வெறும் அலங்காரம் அன்று; அதற்குப் பொருள் உண்டு.

ஒருமுறை ஒரு விழாவுக்காக நான் அப்பக்கங்களைக் கருப்பு வெள்ளையில் நகலெடுத்து வாசகர்களிடம் கொடுத்தேன். சிவப்பெல்லாம் கருப்பாயிற்று. புதிய வாசகர் ஒருவர், ‘இங்கே சிறிது நேரம் மௌனம் காக்கவும்’ என்பதையும் மன்றாட்டாக எண்ணி ஒலிபெருக்கியில் உரக்க வாசித்துவிட்டார். மக்களும் வழக்கமான மறுமொழியைத் தயங்காமல் சொல்லிவிட்டார்கள்! மௌனம் மட்டும் நிகழவில்லை. அன்று சிரித்தோம். ஆனால் பிழை வாசகருடையது அன்று. நிறத்தை நம்பிப் பொருளை ஒப்படைத்துவிட்டு, அந்த நிறத்தையே நகலில் அழித்த என்னுடையது.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. முழு வண்ணத்தில் அச்சிட்டாலும் எல்லாரும் அதை வண்ணமாகக் காண்பதில்லை. சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல் தோன்றும் குறை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. ஜான் டால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் தமக்கே இக்குறை இருப்பதை 1794இல் அறிஞர் கழகம் ஒன்றில் விவரித்தார். இக்குறை ஆண்களிடமே மிகுதி. ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 100க்கு 8 பேருக்கு இது உண்டு. நம் நாட்டில் அதைவிடக் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. மூன்று ஆசிரியருள் ஒருவருக்கு இக்குறை இருந்தால், வண்ணப் படியிலும் அந்தச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது அவருக்குக் கடினம்.

எனவே நிறத்தைச் சரிசெய்வதை நிறுத்திப் படத்தைச் சரிசெய்தோம். செலவுக் கோட்டைத் தடிப்பாக்கி, விட்டுவிட்டுச் செல்லும் கோடாக மாற்றினாள். வரவுக் கோடு மெல்லிய முழுக்கோடு. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ‘வரவு’, ‘செலவு’ என்று எழுதினாள். அச்சுக்கென்று தனியே ஒரு கோப்பு வைத்துக்கொண்டு, அதில் கருநீலப் பின்னணிகளை எடுத்துவிட்டு வெள்ளையாக்கினாள், எழுத்தைக் கருப்பாக்கினாள். இருட்டறையில் அழகு தரும் கரிய பின்னணி, தாளில் மையைக் குடித்துத் தாளை நெளியச் செய்வதைத் தவிர வேறு பயன் தருவதில்லை. இப்போது கருப்பு வெள்ளையில் எடுத்தபோதும் ஐந்து மாதங்களில் செலவுக் கோடு வரவுக் கோட்டின்மேல் ஏறி நின்றது யாருக்கும் தெரிந்தது.

வீட்டில் நினைவில் வைக்க வேண்டிய ஒழுங்கு

குறையைத் தேடும்போது செலவில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஒழுங்கைக் கூறுகிறேன். பிள்ளைகள் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் திரையைப் பாருங்கள். கைப்பேசியிலும் கணினியிலும் கண்ணுக்கு இதமான இரவு ஒளி என்று ஓர் அமைப்பு உண்டு. அது திரை முழுவதையும் மஞ்சளாக்கும். அதை அணைக்காமல் நிறம் தேர்ந்தால் எல்லாம் தவறும். திரையின் வெளிச்சம் அளவுக்கு மிஞ்சி இருந்தால், சரியான அச்சும் இருண்டதாகத் தோன்றும்.

இரண்டாவதாகக் கோப்பைப் பாருங்கள். கடைக்குக் கொண்டு போகுமுன் அதைப் பி.டி.எஃப். ஆக மாற்றிக்கொள்ளுங்கள். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்த நம் திருத்தணியில், தமிழும் தெலுங்கும் ஒரே தாளில் எழுதும் வழக்கம் உண்டு. எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கட்டங்களாகிவிடும். பக்க அமைப்பும் கலையும். பி.டி.எஃப். அதைப் பெரும்பாலும் தடுக்கும்.

மூன்றாவதாகக் கட்டளையைப் பாருங்கள். பவர்பாயிண்டில் அச்சிடும் இடத்தில் கலர், கிரேஸ்கேல், முழுக் கருப்பு வெள்ளை என மூன்று தேர்வுகள் உண்டு. அச்சு இயந்திரத்தின் அமைப்பிலும் இதுபோன்ற தேர்வு தனியே உண்டு. இவ்விரண்டில் ஒன்று கிரேஸ்கேலில் இருந்தாலும் வண்ணம் வாராது. எல்லா நிறமும் சாம்பலாக வந்தால், மையைச் சந்தேகிக்குமுன் இதைப் பாருங்கள். தாளின் வகையையும் அங்கேயே குறிப்பிட வேண்டும். சாதாரணத் தாளுக்குப் பளபளப்புத் தாள் என்று சொல்லிவிட்டால், அளவுக்கு மிஞ்சி மை கொட்டி ஈரமாகிவிடும்.

நான்காவதாக இயந்திரத்தைப் பாருங்கள். அதன் சொந்தச் சோதனைத் தாளே நடுவர். சோதனைத் தாள் குறையோடு வந்தால் குற்றம் இயந்திரத்தில். சோதனைத் தாள் நிறைவாக வந்தால் குற்றம் நம் கோப்பில் அல்லது கட்டளையில்.

ஐந்தாவதாகத் தாளையும் வெளிச்சத்தையும் பாருங்கள். ஜெராக்ஸ் தாள் மையை உறிஞ்சிப் பரவ விடும். பூச்சுள்ள தாளில் அதே மை ஒளிரும். அச்சை மஞ்சள் விளக்கின் கீழ் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புடவை எடுக்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோமே, அந்த அறிவே இங்கும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மிகுதியான நிறங்கள் உள்ள ஒரே ஒரு பக்கத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். அந்த 10 ரூபாய் 420 ரூபாயைக் காக்கும். கேட்போரிடம் கொடுப்பதற்கு மட்டுமானால், ஒரு தாளில் மூன்று சிலைடு வரும்படி எடுக்கலாம், பக்கத்தில் குறிப்பெழுதக் கோடுகளும் வரும், தாளும் மிஞ்சும்.

கடையை விட்டுப் புறப்படுமுன் அந்த இளைஞனிடம், எல்லார் முன்னிலையிலும் சொன்ன சொல்லை எல்லார் முன்னிலையிலும் திரும்பப் பெற வேண்டும் என்று எண்ணினேன். ஆனால் அப்போது வந்திருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். “தம்பி, நான் கேட்டது தவறு” என்றேன். “பரவாயில்ல ஃபாதர், எல்லாரும் கேக்கறதுதான்” என்றான். அந்த ‘எல்லாரும்’ என்ற சொல் என்னை வெகுநேரம் உறுத்திற்று. நாள் முழுவதும் பிறர் கோப்பின் பிழைக்கும், பிறர் கட்டளையின் பிழைக்கும் ஏச்சு வாங்கும் வேலை அது. அந்த மாலையில் அவன் புதிய அச்சுக்கு ஒரு படிக்குரிய காசு மட்டுமே வாங்கிக்கொண்டான்.

மறுநாள் மாலை தாய் மட்டும் வந்தார். மகள் விளக்கம் சொல்லி முடித்துவிட்டாளாம். ஆசிரியர் ஒருவர் கருப்பு வெள்ளைப் படியை மேசைமேல் விரித்து, செலவு ஏறிய ஐந்து மாதங்களையும் விரலால் தொட்டுத் தொட்டு, நூல் விலையா, மின்தடையா, கூலியா என்று காரணம் கேட்டாராம். கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவள் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து பதில் சொன்னாளாம்.

“இப்பதான் சாமி, எங்க செலவு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார் தாய்.